கடைத்தெருவைக் கடைக்காரர்களே பார்த்துக்கொள்ளலாமா? வணிக மேம்பாட்டு வட்டாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கடைத்தெருவைக் கூட்டிப் பெருக்குவதும், விளக்குப் போடுவதும், நடைபாதையைச் சீர் செய்வதும் மாநகராட்சியின் வேலை. ஆனால் டொராண்டோ, நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் இந்த வேலையில் ஒரு பங்கை அந்தந்தத் தெருக்காரர்களே எடுத்துச் செய்கிறார்கள். அதற்காகச் சட்டப்படி தங்களுக்குத் தாங்களே ஒரு கூடுதல் கட்டணமும் விதித்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி நண்பர்களிடமும் வியாபாரிகளிடமும் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. விஷயம் அப்படி.

வணிக மேம்பாட்டு வட்டாரம் என்றால் என்ன?

ஒரு கடைத்தெருவையோ நான்கைந்து தெருக்கள் சேர்ந்த பகுதியையோ எல்லை வரைந்து, அதற்குள் இருக்கும் கட்டட உரிமையாளர்களோ வியாபாரிகளோ எல்லோரும் ஆண்டுதோறும் ஒரு கட்டணம் கட்டவேண்டும் என்று நகர நிர்வாகம் சட்டம் போடும். வசூலிப்பது நகர நிர்வாகம். செலவழிப்பது அந்தப் பகுதிக்காரர்கள் அமைத்த நிர்வாகக் குழு. பணம் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் செலவாகவேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதைச் சுருக்கமாக பி.ஐ.டி. (Business Improvement District) என்பார்கள், கனடாவில் பி.ஐ.ஏ. (Business Improvement Area) என்பார்கள். இனி நானும் பி.ஐ.டி. என்றே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில்தான் வியாபாரிகள் சங்கம் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

என் அப்பா கடை வைத்திருந்த தெருவில் ஒரு சங்கம் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் தெரு முழுக்க டியூப் லைட் கட்டுவார்கள், இரவுக் காவலுக்கு ஒரு கூர்க்கா வைத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவார். பாதிப் பேர் கொடுப்பார்கள். மீதிப் பேர் "முதலாளி ஊரில் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார்கள். விளக்கு வெளிச்சம் கொடுத்தவர் கடைமீதும் விழும், கொடுக்காதவர் கடைமீதும் விழும். கூர்க்காவின் விசில் எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். மூன்று நான்கு ஆண்டுகள் இப்படியே போன பிறகு, ஒழுங்காகக் கொடுத்துவந்தவர்களுக்கும் மனசு விட்டுப்போயிற்று. கூர்க்காவை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டபடி சும்மா நடந்து வருபவர் எப்போதும் சிலர் இருப்பார்கள். தேர் ஒரு நாள் விஷயம், பொறுத்துக்கொள்ளலாம். தினமும் தெருக் கூட்டுவதை அப்படி நடத்த முடியாது. பி.ஐ.டி.யில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டபின் கட்டணம் எல்லோருக்கும் கட்டாயமாகிறது. தனியார் பணம் உள்ளே வருகிறது என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பக்கத்துக் கடைக்காரர் கட்டுவார் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் நானும் மனமுவந்து கட்டுவேன். அந்த உறுதியைச் சட்டம் தருகிறது.

முதலில் இது எங்கே தொடங்கியது?

டொராண்டோவின் மேற்கில் இருக்கும் புளோர் வெஸ்ட் வில்லேஜில்.

1960-களில் புளோர் தெருவில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. டிராமில் போகிறவர் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்ப்பார், தோன்றினால் இறங்குவார். 1964-ல் நகரின் வடக்கே யார்க்டேல் என்ற பெரிய மால் திறந்தது. 1966-ல் புளோர் தெருவுக்கு இணையாகச் சுரங்க ரயில் ஓடத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் இன்னும் மேற்கே நீண்டது. டிராம் போயிற்று. கடைகளைக் கடந்து போகும் மக்கள் அப்படியே இருந்தார்கள், ஆனால் பூமிக்குக் கீழே போனார்கள்.

வியாபாரிகள் கூடிப் பேசினார்கள். தெருவை அழகுபடுத்தவேண்டும், விளம்பரம் செய்யவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பணம் வசூலிக்கப் போனபோதுதான் மேலே சொன்ன அதே ரசீதுப் புத்தகக் கதை. அப்போது அவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: சொத்துவரியோடு சேர்த்து நகர நிர்வாகமே இதை வசூலித்துக் கொடுத்தால் என்ன? அதற்கு மாகாணச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே சட்டத்தையே மாற்றச் சொன்னார்கள். ஒன்டாரியோ மாகாணம் 1969 டிசம்பரில் சட்டத்தை மாற்றியது. 1970 மே மாதம் டொராண்டோ நகர மன்றம் துணைவிதி போட்டு இந்தப் பகுதியை அறிவித்தது.

முதல் ஆண்டு வரவுசெலவு 47,500 டாலர். விளக்கு, பூந்தொட்டி, உட்கார பெஞ்சு என்று செலவழித்தார்கள். இன்று டொராண்டோவில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்ட இத்தகைய வட்டாரங்கள் இருக்கின்றன. ஒரு பெரிய திட்ட வல்லுநரோ உலக வங்கியோ இதைக் கொண்டுவரவில்லை. கடையைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்த சாதாரண வியாபாரிகள் கொண்டுவந்தார்கள்.

கட்டணம் எவ்வளவு, எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஊருக்கு ஊர் வேறுபடும். ஒன்டாரியோவில் அந்த ஆண்டுக்கான வரவுசெலவை முதலில் முடிவு செய்து, சொத்தின் வரி மதிப்புக்கு (வரி கணக்கிடுவதற்காகச் சொத்துக்குக் குறிக்கும் மதிப்பு) ஏற்பப் பங்கு பிரிக்கிறார்கள். நியூயார்க்கில் சொத்து மதிப்பு, கடை முகப்பின் நீளம் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையும் கலந்தோ அளவாக வைக்கிறார்கள். இங்கிலாந்தில் கடையின் வரி மதிப்பில் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்.

நியூயார்க்கில் முழுக்க முழுக்கக் குடியிருப்பாக இருக்கும் கட்டடங்களுக்கு வழக்கமாக ஆண்டுக்கு 1 டாலர்தான். இந்த ஒரு டாலரைப் பற்றிப் பின்னால் பேசவேண்டியிருக்கிறது.

கட்டாயக் கட்டணம் என்கிறீர்கள். யார் ஒப்புக்கொண்டால் போதும்?

இதில்தான் நாடுகள் பிரிகின்றன. ஒரு நாட்டின் பி.ஐ.டி. எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமானால் அதன் ஓட்டு விதியைப் படித்தால் போதும்.

ஒன்டாரியோவின் நகராட்சிச் சட்டப்படி, உத்தேச வட்டாரத்தில் இருக்கும் சொத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். அவர்கள் அதைத் தங்கள் வாடகைக் கடைக்காரர்களுக்கும் தெரியப்படுத்தவேண்டும். 60 நாட்களுக்குள் மூன்றில் ஒரு பங்குப் பேர் எதிர்த்து, அவர்கள் கட்டும் வரியும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால், திட்டம் நின்றுவிடும். வாடகை ஒப்பந்தப்படி வரியைச் சுமக்கும் கடைக்காரரும் உறுப்பினர்தான். இது எனக்குப் பிடித்த அம்சம்.

நியூயார்க்கில் எதிர்ப்பின் எல்லை 51 சதவீதம். உரிமையாளர்களில் 51 சதவீதம் பேரோ, மொத்த வரி மதிப்பில் 51 சதவீதத்துக்கு உரிமையுள்ளவர்களோ எழுத்துமூலம் எதிர்த்தால்தான் நிற்கும். கவனியுங்கள், இங்கே யாரும் ஆதரவாக ஓட்டுப்போடத் தேவையில்லை. பேசாமல் இருப்பவர் எல்லாம் ஒப்புக்கொண்டவர் என்று கணக்கு. நடைமுறையில் முன்னதாகவே ஆதரவுக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பது உண்மை. தயாரிப்புக்கே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவதும் உண்டு. இருந்தாலும் சட்டத்தின் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

இங்கிலாந்து 2003-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வழியாக இதை ஏற்றபோது முறையான வாக்கெடுப்பு வைத்தது. ஓட்டு, கட்டட உரிமையாளருக்கு அல்ல, வணிக வரி கட்டும் கடைக்காரருக்கு. இரட்டைப் பெரும்பான்மை வேண்டும்: வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை, அவர்களுடைய வரி மதிப்பிலும் பெரும்பான்மை. முதல் நிபந்தனை பெரிய சூப்பர்மார்க்கெட் சின்னக் கடைகள் மீது ஏறி மிதிக்காமல் காக்கிறது. இரண்டாவது, சின்னக் கடைகள் கூடிப் பெரிய கடை தலையில் முழுச் சுமையையும் கட்டாமல் காக்கிறது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அப்புறம் மறுபடி வாக்கெடுப்பில் ஜெயித்தால்தான் தொடரும். முதல் பி.ஐ.டி. 2005-ல் லண்டனின் கிங்ஸ்டன் பகுதியில் வந்தது. இன்று பிரிட்டன் முழுவதும் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

மூன்றில் எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் இங்கிலாந்து முறை என்பேன். ஐந்து ஆண்டு ஆனதும் தானாகவே முடிந்துபோகும் என்ற விதி, நிர்வாகக் குழுவை ஒவ்வொரு நாளும் கடைக்காரரை நினைக்க வைக்கிறது.

மாநகராட்சி இதைச் சாக்காக வைத்துத் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளாதா?

நியாயமான பயம். வரியும் கட்டி, கூடுதல் கட்டணமும் கட்டி, கடைசியில் ஒரே சேவைதான் கிடைத்தது என்றால் அது ஏமாற்று வேலை. ஆகவே பி.ஐ.டி. செய்வதெல்லாம் மாநகராட்சி செய்வதற்கு மேலாக இருக்கவேண்டும் என்பது அடிப்படை விதி. இங்கிலாந்தில், இந்தப் பகுதிக்கு உள்ளாட்சி இப்போது என்னென்ன செய்துவருகிறது என்ற பட்டியலைத் திட்ட ஆவணத்திலேயே சேர்க்கவேண்டும். வாரத்துக்கு எத்தனை முறை பெருக்குகிறார்கள், எத்தனை விளக்கு என்று எழுதி வைத்துக்கொண்டால் பிறகு குறையும்போது விரல் நீட்டிக் கேட்கலாம். எழுதி வைக்காவிட்டால் கேட்க முடியாது.

அந்தப் பணத்தில் என்ன செய்கிறார்கள்?

கூட்டிப் பெருக்குவது, சுவரெழுத்து அழிப்பது, குப்பைத்தொட்டி, விளக்கு, செடி, வழிகாட்டிப் பலகை, காவலுக்கு ஆள், விழா. சின்ன வட்டாரத்தில் ஒரே ஒரு ஊழியர்தான் இருப்பார், பெரிய இடங்களில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள். டொராண்டோவில் தெரு அமைப்பைச் சீரமைக்கும் பெரிய வேலைகளுக்கு வட்டாரமும் நகரமும் பாதிப் பாதி போடும் திட்டம் இருக்கிறது. அதே நகரத்தின் கிரேக்கர் தெருவில் 1994-ல் தொடங்கிய டான்ஃபோர்த் உணவுத் திருவிழா அங்குள்ள பி.ஐ.ஏ. நடத்துவதுதான்.

எல்லோரும் பிரயன்ட் பார்க்கைக் காட்டுகிறார்களே, அங்கே உண்மையில் என்ன நடந்தது?

நியூயார்க்கின் 42-ஆவது தெருவில், பொது நூலகத்தின் முதுகுப்புறம் இருக்கிறது பிரயன்ட் பூங்கா. 1970-களில் அங்கே போதைப்பொருள் விற்பனை வெளிப்படையாக நடந்தது. பகலில்கூட ஒரு பெண் தனியாக உள்ளே போகத் தயங்கும் இடம். போலீஸை நிறுத்திப் பார்த்தார்கள், விற்பவர்கள் கலைந்து மறுபடி வந்தார்கள்.

1980-ல் பூங்காவை மீட்க ஒரு லாபநோக்கற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அவர்கள் வில்லியம் ஒயிட் என்பவரிடம் ஆலோசனை கேட்டார்கள். நியூயார்க்கின் பொது இடங்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கேமரா வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தவர் அவர். அவர் சொன்னது போலீஸைப் பற்றி அல்ல, செடியைப் பற்றி. பூங்கா தெருவைவிட உயரத்தில் இருந்தது. சுற்றிலும் புதர்வேலி, இரும்புக் கம்பி. உள்ளே நடப்பது வெளியே தெரியாது, உள்ளே போனால் வெளியேற வழி குறைவு. பயப்படுகிறவர் வரமாட்டார், மறைவு வேண்டுகிறவர் வருவார். வேலியை எடுங்கள், வாசல்களைக் கூட்டுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியட்டும் என்றார்.

1988-ல் பூங்காவை மூடினார்கள். புல்வெளியைத் தோண்டி அதற்கடியில் நூலகத்தின் புத்தகக் கிடங்கைக் கட்டி, மேலே மறுபடி புல் போட்டார்கள். 1992-ல் திறந்தபோது எல்லோர் கண்ணிலும் பட்டது நாற்காலிகள். தரையில் பதிக்காத, தூக்கி எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய லேசான நாற்காலிகள். திருடிப் போய்விடுவார்கள் என்று எச்சரித்தார்கள். பெருமளவில் திருட்டுப் போகவில்லை, நாற்காலிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. வெயில் வேண்டுகிறவர் வெயிலுக்கு இழுத்துக்கொள்கிறார், பேச வந்தவர்கள் நாலைந்தை வட்டமாகப் போட்டுக்கொள்கிறார்கள். பூங்காவின் கழிப்பறையில் புதுப்பூ வைத்திருப்பார்கள், மெல்லிய இசை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பொதுக் கழிப்பறையில் பூ வைப்பது வரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் மரியாதை என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைகளை நினைத்துப் பார்த்தால் அந்த மரியாதை எவ்வளவு பெரிது என்று புரியும்.

நிலம் இன்றும் நகரத்துக்குச் சொந்தம். நடத்துவது அந்த அமைப்பு. சுற்றியுள்ள கட்டடங்களின் பி.ஐ.டி. கட்டணம், உணவுக் கடை வாடகை, விழாக்கள், குளிர்காலச் சந்தை, விளம்பர ஆதரவு ஆகியவற்றிலிருந்து செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள், நகரத்தின் பணத்தை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: மன்ஹாட்டனின் நடுமையத்தில், வானுயர்ந்த அலுவலகங்கள் சூழ்ந்த ஒரு பூங்கா அது. அதே முறையை ஏழைப் பகுதிப் பூங்காவில் வைத்தால் இந்த வருமானம் வராது. பணக்காரப் பகுதி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்போது மிச்சமாகும் பொதுப்பணத்தை நகரம் எங்கே திருப்பிவிடுகிறது என்பதைத்தான் கேட்கவேண்டும்.

பொது இடம் மெல்லத் தனியார் கைக்குப் போய்விடாதா?

போகலாம். ஆனால் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பிரயன்ட் பூங்காவில் நிலம் பொது, நிர்வாகம் தனி. இதற்கு நேர்மாறும் நியூயார்க்கிலேயே உண்டு. 1961-ல் வந்த நகரத் திட்ட விதிகளின்படி, கட்டடம் கட்டுகிறவர் தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம். இப்படி வந்த இடங்களில் நிலம் தனியாருடையது, உரிமை பொதுமக்களுடையது.

2011-ல் வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம் என்ற போராட்டக்காரர்கள் தங்கிய ஜுக்காட்டி பூங்கா அப்படித் தனியாருக்குச் சொந்தமானது. நகரத்தின் பூங்காக்கள் இரவில் மூடப்படும், அங்கே யாரும் தங்க முடியாது. ஜுக்காட்டி பூங்காவோ இரவும் பகலும் திறந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அதனால்தான் செப்டம்பரில் கூடியவர்கள் நவம்பர் 15 வரை அங்கே இருக்க முடிந்தது. யார் பெயரில் பட்டா என்பதைவிட, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது சில நேரம் மக்களுக்கு அதிகம் உதவும்.

வீடில்லாதவர்கள், ஏழைகள் நிலை என்ன?

இந்த ஏற்பாட்டின் மிக வலிக்கும் பகுதி இது. மறைக்கக்கூடாது.

நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றி 1988-ல் ஒரு பெரிய பி.ஐ.டி. வந்தது. தெரு சுத்தமானது, விளக்கு வந்தது, பாராட்டும் கிடைத்தது. வீடில்லாதவர்களுக்கு வேலைப் பயிற்சி என்ற பெயரில் ஒரு திட்டமும் நடத்தினார்கள். அதில் சேர்ந்தவர்கள் காவல், துப்புரவு, அலுவலகம் என்று உண்மையான வேலைகளைச் செய்தார்கள். கூலி மணிக்கு 1 டாலரும் அதற்குச் சற்று மேலும். மற்ற வீடில்லாதவர்களை அடித்து விரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் 1995-ல் வெளியே வந்தது. கூலி வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. 1998-ல் நீதிபதி சோனியா சோட்டோமயோர் தீர்ப்பளித்தார்: இவர்கள் பயிற்சி பெறுகிறவர்கள் அல்ல, தொழிலாளர்கள். குறைந்தபட்சக் கூலி கொடுக்கவேண்டும். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன அதே சோட்டோமயோர்தான்.

இது ஏன் நடந்தது என்று யோசித்தால், யாரிடம் பணம் வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் நிர்வாகம் பதில் சொல்கிறது. கட்டட உரிமையாளர் கேட்பது வாசல் காலியாக இருக்கவேண்டும் என்பது. வாசலில் படுத்திருப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. நல்ல மனிதர்கள் நிர்வாகத்தில் இருந்தால் சரியாகிவிடும் என்பது போதாது. விதியிலேயே அவருக்கும் ஒரு குரல் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

அங்கே குடியிருப்பவர்களுக்கு ஓட்டு உண்டா?

அதே கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்தில் குடியிருந்த சிலர் இதைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நிர்வாகக் குழுவில் உரிமையாளர்களுக்கே பெரும்பான்மை என்பது சட்டம். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற அரசமைப்புக் கொள்கைக்கு இது விரோதம் என்பது அவர்கள் வாதம். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்த அமைப்புக்கு அதிகாரம் குறைவு, நகர நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, சுமையைத் தாங்குவது உரிமையாளர்கள், ஆகவே இது சாதாரணத் தேர்தல் அமைப்பு அல்ல என்றது.

குடியிருப்புக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் என்று முன்னே சொன்னது இங்கே வந்து நிற்கிறது. கட்டணம் ஒரு டாலர் என்றால் குரலும் ஒரு டாலர் அளவுக்குத்தான். சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் காலை ஏழு மணிக்குக் குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடக்கிறவருக்கு, அதை எப்படி நடத்துவது என்பதில் பெரிதாகச் சொல் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. நியூயார்க் விதிப்படி மேயர், நகரத் தணிக்கையாளர், பரோ (நகரத்தின் ஐந்து பெரும்பிரிவுகளில் ஒன்று) தலைவர், நகர மன்ற உறுப்பினர் ஆகிய நால்வரின் பிரதிநிதிகள் குழுவில் இருக்கவேண்டும். குடியிருப்பவர்களுக்கு மறைமுகமாகக் கிடைக்கும் பாதுகாப்பு அது.

குற்றம் குறைகிறதா?

லாஸ் ஏஞ்சலஸில் 30 பி.ஐ.டி.க்களை வைத்து நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. வழிப்பறி ஏறத்தாழ 12 சதவீதமும், வன்முறைக் குற்றங்கள் ஒட்டுமொத்தமாக 8 சதவீதமும் குறைந்ததோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதாகக் கண்டது.

வாடகை ஏறுமா?

தெரு நன்றாக வந்தால் ஏறும். கட்டணத்தை வாடகையில் சேர்த்து வாங்கிக்கொள்ளும் உரிமையாளருக்கு இரட்டை லாபம்: செலவு கடைக்காரருடையது, மதிப்பு ஏறுவது அவருடைய கட்டடம். உழைத்துத் தெருவைத் தூக்கி நிறுத்திய சின்னக் கடைக்காரர் கடைசியில் வாடகை தாங்காமல் வெளியேறுவதைப்போலக் கொடுமை வேறில்லை. கடைக்காரருக்கு ஓட்டு, நீண்டகால வாடகை ஒப்பந்தம், இரண்டும் இருந்தால் ஓரளவு தாங்கலாம்.

வேறு எந்த நாடுகளில் இருக்கிறது?

அமெரிக்காவில் முதலாவது 1970-களின் நடுவில் நியூ ஆர்லியன்ஸில் வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இதற்கான சட்டம் 2005-ல் நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர மையத்தில் 2000 முதல் இயங்குகிறது. அங்கே தனியார் காவலர்கள் பற்றிய விமர்சனமும் கூடவே இருக்கிறது. சிங்கப்பூர் 2017-ல் முன்னோட்டமாகத் தொடங்கியது, வட்டாரம் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசும் போடும் என்ற ஏற்பாட்டோடு.

சிங்கப்பூரில் நமக்குத் தெரிந்த தேக்கா பக்கம், தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை முழுக்க ஒளி அலங்காரம் நடக்கிறதே, அதை முன்னின்று செய்வது லிஷா என்ற லிட்டில் இந்தியா கடைக்காரர் சங்கம். அது கட்டாயக் கட்டண அமைப்பு அல்ல, சங்கம். நம்பிக்கையும் பழக்கமும் இருந்தால் சங்கமாகவும் பெரிய காரியம் செய்யலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

தமிழ்நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?

பி.ஐ.டி. இல்லை. நெருங்கி வருவது நமக்கு நாமே திட்டம். 1990-களின் கடைசியில் தொடங்கி, இடையில் நின்று, 2021-ல் மறுபடி வந்தது. பொதுவாக மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு, நீர்நிலை என்று பல வேலைகள் இதில் அடங்கும். மிக நல்ல எண்ணம். ஆனால் இது கட்டுவதற்கான பணம், ஒருமுறைப் பணம். கட்டியதை அடுத்த பத்து ஆண்டு யார் துடைப்பது, உடைந்த பெஞ்சை யார் மாற்றுவது என்பதற்கு அதில் பதில் இல்லை. பி.ஐ.டி. அந்த இடத்தில்தான் பலமானது, அது ஆண்டுதோறும் வரும் பராமரிப்புப் பணம்.

சென்னைப் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் பொலிவுறு நகரத் திட்டத்தில் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதையில் மக்கள் குடும்பத்தோடு நடக்கும் காட்சியைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. அந்தத் தெருவால் பலன் பெறும் பெரிய கடைகளிடமிருந்து ஆண்டுதோறும் அந்தத் தெருவுக்கே ஒரு பங்கு வரும்படி செய்ய இயலுமா என்று யோசிக்க, தமிழ்நாட்டில் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

நடைபாதை வியாபாரிகளை இது விரட்டிவிடாதா?

கட்டட உரிமையாளர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால் முதலில் அதுதான் நடக்கும். பாண்டி பஜாரிலேயே நடைபாதைக் கடைகள் 2013-ல் தனி வளாகத்துக்குள் மாற்றப்பட்டன. பூவும் பொட்டும் வளையலும் நடக்கிறவர் கண்ணில் பட்டால்தான் விற்கும், மாடி ஏறி வந்து யாரும் பூ வாங்குவதில்லை.

இந்த விஷயத்தில் நம் கையில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். டொராண்டோவின் சட்டத்திலும் நியூயார்க்கின் சட்டத்திலும் இப்படி ஒரு விதி இல்லை. நாம் ஒருநாள் நம்முடைய பி.ஐ.டி. சட்டத்தை எழுதினால், அந்த 40 சதவீதத்தை அப்படியே தூக்கி நிர்வாகக் குழுவில் வைக்கவேண்டும். தள்ளுவண்டிக்காரரும் தினமும் பத்து ரூபாய் கட்டட்டும். கட்டியவர் என்ற உரிமையோடு பேசட்டும்.

சட்டம் வரும்வரை எங்கள் தெருவில் என்ன செய்யலாம்?

முதலில் தெருவின் எல்லையை ஒரு தாளில் வரையுங்கள். எந்த முனையிலிருந்து எந்த முனை வரை என்று தெளிவாக இருக்கட்டும். அப்புறம் ஒரு வாரம் காலையும் மாலையும் நடந்து, மாநகராட்சி இப்போது என்ன செய்கிறது என்று தேதியோடு எழுதுங்கள்: எத்தனை நாள் குப்பை எடுத்தார்கள், எத்தனை விளக்கு எரிந்தது.

பிறகு ஒரே ஒரு வேலையை எடுங்கள். பத்து வேலை வேண்டாம். கழிப்பறை என்றால் கழிப்பறை மட்டும். அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, பெரிய கடைக்கு அதிகம், சின்னக் கடைக்குக் குறைவு, தள்ளுவண்டிக்கு இன்னும் குறைவு என்று பங்கு பிரியுங்கள். ஒரு ஆண்டுக்கு மட்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆண்டு முடிந்ததும் கூட்டம் போட்டு, தொடரலாமா வேண்டாமா என்று கைதூக்கச் சொல்லுங்கள்.

கணக்கை மாதாமாதம் ஒரு பலகையில் எழுதி, தெருவில் எல்லோரும் நின்று படிக்கும் இடத்தில் மாட்டுங்கள். டீக்கடை வாசல் நல்ல இடம்.